சுரைக்குடுக்கையில் பிறந்த இசை

மும்பையில் வாழும் நம்மவர்க்குப் 'பெஞ்சோ' என்னும் சொல் புதியதன்று. விநாயகர் சதுர்த்தி முடிந்து சிலைகளைக் கடலுக்கு எடுத்துச் செல்லும் நாளில், தள்ளுவண்டியின் மேல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒரு குழு முன்னே செல்லும். அதில் ஒருவர் நீண்ட பெட்டி போன்றதொரு கருவியின் பொத்தான்களை இடக்கையால் அழுத்தி, வலக்கையால் தந்திகளை மீட்டித் திரைப்பாடல்களை முழங்குவார். 'பெஞ்சோ பார்ட்டி' என்று அக்குழுவைத் தெருவார் அழைப்பர். நம் ஊர்ப்பக்கத்தில் இக்கருவியைப் புல்புல்தாரா என்பர். ஜப்பானில் 1912ஆம் ஆண்டில் கோரோ மொரிதா என்பார் அமைத்த 'தைஷோகோதோ' என்ற கருவியின் வழிவந்தது இது. அமெரிக்காவில் 'பாஞ்சோ' என்று வழங்கும் கருவிக்கும் இதற்கும் பெயரளவிலேயன்றி வேறு உறவு இல்லை. பெயர் மட்டும் கப்பலேறி வந்து, வேறொரு பொருளின்மேல் அமர்ந்துகொண்டது.

உண்மையான பாஞ்சோவின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே கருவி வாழ்ந்தது. அதனை ஆக்கியவர்களின் பெயர் மறைந்தது. பாஞ்சோ யாருடையது என்று 50 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கர் ஒருவரைக் கேட்டிருந்தால், அப்பலாச்சிய மலைத்தொடரில் வாழும் வெள்ளைக் குடியானவர்களுடையது என்றே பெரும்பாலும் விடை கிடைத்திருக்கும். திரைப்படங்களும் தொலைக்காட்சியும் அவ்வாறே காட்டின. ஆனால் அக்கருவி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கையில் பிறந்தது. ஏறத்தாழ 150 ஆண்டுக்காலம் அவர்களிடமே இருந்தது. அது எவ்வாறு கைமாறிற்று, கைமாறியபோது எவ்வாறு பெயரும் மாறிற்று என்பதை அறிந்தால், அமெரிக்க வெகுசன இசை முழுவதன் வரலாற்றில் பாதியை அறிந்தவர் ஆவோம்.

தவறிய பெயர்ச்சீட்டு

இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சிறியதொரு முழவு இருக்கிறது. 1730ஆம் ஆண்டையொட்டி வர்ஜீனியாவில் கிடைத்து, சர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவரின் தொகுப்பில் சேர்ந்தது அது. அவருடைய தொகுப்பே பின்னர் அவ்வருங்காட்சியகத்திற்கு அடித்தளமாயிற்று. வர்ஜீனியாவில் கிடைத்தமையால் அதனை அமெரிக்கப் பழங்குடியினரின் முழவு என்று அன்று பதிவேட்டில் எழுதிவைத்தனர். நெடுங்காலம் அப்பதிவே நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இதன் வேலைப்பாடு ஆப்பிரிக்க வேலைப்பாடு என்று கண்டுகொண்டனர். பின்னர் 1970களில் மரத்தை ஆராய்ந்தபோது, அது மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் மரமென்பது உறுதியாயிற்று. இன்றைய கானா நாட்டுப் பகுதியில் வாழும் அக்கான் மக்களின் முழவு அது. அடிமைக் கப்பல் ஒன்றில் அட்லாண்டிக் கடலைக் கடந்திருக்க வேண்டும்.

அடிமைகளோடு முழவு ஏன் கப்பலேறியது என்று வாசகர் வினவக்கூடும். விடை இனியதன்று. கீழ்த்தளத்தில் விலங்கிட்டுக் கிடத்தியவர்களை நாள்தோறும் மேல்தளத்திற்குக் கொண்டுவந்து, சாட்டையைக் காட்டி ஆடச் செய்வது அக்கப்பல்களின் வழக்கம். உடல் தளர்ந்தால் விலை தளரும் என்பது வணிகரின் கணக்கு. அந்த ஆட்டத்திற்குக் கொட்டு வேண்டியிருந்தது. அடிமை வாணிகம் நடந்த நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்று வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். அவருள் வட அமெரிக்கக் கரைக்கு நேராகக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 3,88,000 பேரே. பெரும்பாலோர் கரீபியன் தீவுகளுக்கும் பிரேசிலுக்கும் சென்றனர். ஆதலின் நம் கதையும் கரீபியன் தீவுகளிலேயே தொடங்குகிறது.

மேற்சொன்ன ஸ்லோன் 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் ஆளுநரின் மருத்துவராக இருந்தார். 1707இல் தாம் வெளியிட்ட நூலில் அங்குள்ள அடிமை மக்களின் இசையைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினார். சிறு சுரைக்குடுக்கைகளில் கழுத்துப் பொருத்தி, குதிரை மயிரையோ கொடித்தண்டின் நாரையோ நரம்பாகக் கட்டி வாசித்தனர் என்கிறார். அக்கருவிகளின் படமும் நூலில் உண்டு. அதைவிட அரியது, பாப்டிஸ்ட் என்ற இசைவாணரைக் கொண்டு அவர் எழுதுவித்த இசைக்குறிப்பு. அங்கோலா, பாப்பா, கொரொமாந்தி என்று ஆப்பிரிக்க நிலங்களின் பெயரால் அப்பாடல்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஊரையும் உறவையும் பறிகொடுத்த மக்கள் ஒரே இரவில், ஒரே களத்தில், தத்தம் நாட்டுப் பாடலைத் தனித்தனியே அடையாளங் கண்டு பாடினர் என்பதற்கு அப்பெயர்களே சான்று.

அதே பகுதியில் ஸ்லோன் இன்னொன்றும் கூறுகிறார். முன்பு அவர்கள் முரசும் கொம்பும் வைத்துக்கொள்ள இசைவு இருந்தது. ஆப்பிரிக்காவில் அவை போருக்கு உரியன ஆதலால் கிளர்ச்சியைத் தூண்டும் என்று அஞ்சித் தடுத்துவிட்டனர். இச்செய்தியை நாம் மனத்தில் இருத்த வேண்டும். ஏனெனில் இதே அச்சம் அரை நூற்றாண்டுக்குப் பின் வட அமெரிக்காவில் சட்டமாயிற்று.

முரசைத் தடுத்த சட்டம்

1739 செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் இருபதின்மர் அளவில் கூடி, ஒரு கடையைத் தாக்கி ஆயுதங்களைக் கைப்பற்றினர். தெற்கே ஸ்பானியர் ஆண்ட புளோரிடாவுக்குத் தப்பிச் சென்றால் விடுதலை உண்டு என்பது அவர்கள் அறிந்த செய்தி. கொடி பிடித்து, முரசறைந்து, அணிவகுத்து நடந்தனர். முரசொலி கேட்டு வழிநெடுகத் தோட்டங்களிலிருந்து மற்றவர் வந்து சேர்ந்தனர். மாலைக்குள் வெள்ளையர் படை அவர்களை மடக்கியது. பலர் கொல்லப்பட்டனர். மறு ஆண்டே, 1740இல், அக்குடியேற்ற நாட்டின் சட்டமன்றம் விரிவானதோர் அடிமைச் சட்டத்தை இயற்றியது. அடிமைகள் முரசும் கொம்பும் பேரொலி எழுப்பும் பிற கருவிகளும் வைத்திருப்பதை அது தடுத்தது. அவர்களுக்கு எழுதக் கற்பிப்பதையும் அதே சட்டம் தடுத்தது. எழுத்தையும் முரசையும் ஒரே மூச்சில் தடுத்த அந்த ஆட்சியாளர்கள், முரசும் ஒரு மொழி என்பதைப் பல இசை ஆராய்ச்சியாளருக்கு முன்பே உணர்ந்திருந்தனர் போலும்.

முரசு போயிற்று. தாளம் போகவில்லை. தொடையிலும் மார்பிலும் கன்னத்திலும் உள்ளங்கையால் தட்டித் தாளமிடும் கலை ஒன்று தோட்டங்களில் வளர்ந்தது. 'ஜூபா' தட்டுதல் என்று அதற்குப் பெயர். ஜார்ஜியா, தென் கரோலினாக் கரையோரத் தீவுகளில் வட்டமாகச் சுற்றிவந்து பாடும் வழிபாட்டுப் பாடலில், ஒருவர் துடைப்பக் கட்டையால் மரத்தரையை இடித்துத் தாளம் கொடுத்தார். தரையே முரசாயிற்று. ஒருவர் எடுத்துப் பாட மற்றவர் ஏற்றுப் பாடும் முறை வயலிலும் கோயிலிலும் நிலைத்தது.

சுரைக்குடுக்கைக் கருவியோ தடைக்கு உட்படவில்லை. அதன் ஒலி மெல்லியது. அடுத்த தோட்டத்திற்குக் கேளாது. மேலும் எசமானர் வீட்டு நடனத்திற்குப் பிடிலும் பாஞ்சோவும் வாசிப்பவர் தேவைப்பட்டனர். ஆகவே முரசில் ஒலிக்க முடியாத தாளம் மெல்ல நரம்பில் ஏறியது. கருவியின் அமைப்பே அதற்கு இடந்தந்தது. குடுக்கையின் வாயில் தோல் போர்த்தியிருப்பதால் ஒவ்வொரு மீட்டும் ஒரு சிறு கொட்டாகவும் ஒலிக்கும். கழுத்தின் பக்கவாட்டில், மற்ற நரம்புகளுக்கு மேலே, குட்டையான நரம்பு ஒன்று உண்டு. அதனை விரலால் அழுத்திச் சுரம் மாற்றுவதில்லை. ஒரே சுரத்தில் பெருவிரலால் தட்டிக்கொண்டே இருப்பர். நம் வீணையின் பக்கத்தில் உள்ள தாளத் தந்திகளை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். ஆள்காட்டி விரலின் நகம் மேலிருந்து கீழே அடிக்க, பெருவிரல் அடிக்கும் அடிக்கும் இடையே அக்குட்டை நரம்பைச் சுண்டி எழுப்பும். இந்த 'இடையே' என்பதுதான் பொருள். சமத்தில் விழ வேண்டிய அழுத்தம் அரையிடம் முன்பின்னாகத் தள்ளி விழுகிறது. இடம் தள்ளி எடுக்கும் எடுப்பை நம் கச்சேரிகளில் கேட்டுப் பழகியவர்க்கு இது எளிதில் புரியும். அமெரிக்க இசையைக் கேட்டதும் கால் தானே ஆடத் தொடங்குவதற்குக் காரணம் பெரிதும் இதுவே.

இவ்வாறு சொல்வதால் ஆப்பிரிக்க இசைக்கும் நம் இசைக்கும் உறவு கற்பிக்கிறேன் என்று எவரும் கொள்ளற்க. ஒன்றை விளக்க அறிந்த ஒன்றைத் துணைக்கொண்டேன், அவ்வளவே.

பாஞ்சோ ஆப்பிரிக்கக் கருவி ஒன்றின் நேர் நகலா என்பதும் ஆராயத் தக்கது. செனகல், காம்பியா நாடுகளில் ஜோலா மக்கள் வாசிக்கும் 'அக்கொன்டிங்' என்ற கருவிக்குச் சுரைக்குடுக்கை உடல், தோல் முகம், மூன்று நரம்பு. அவற்றுள் ஒன்று குட்டை. நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் முறையும் அப்படியே. மாண்டே மக்களின் 'ங்கோனி', வொலோஃப் மக்களின் 'ஹலாம்' ஆகியவை வேறு வகை. நம் பழம் பாணரைப் போலக் குலவழியாகப் பாடிப் பரிசில் பெறுவோர் கைக்கொண்டவை. ஆனால் பாஞ்சோவின் தட்டையான கழுத்தும் முறுக்காணிகளும் இவற்றில் இல்லை. ஐரோப்பியக் கித்தாரைப் பார்த்து அமைந்தவை. பல நாட்டு ஆப்பிரிக்கர், ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத நிலையில், கரீபியன் தோட்டங்களில் கூடி வாழ்ந்தபோது, எல்லாருக்கும் தம் ஊர்க் கருவியை நினைவூட்டக்கூடிய புதிய கருவி ஒன்றை ஆக்கிக்கொண்டனர் என்று கொள்வதே பொருந்தும். அப்படியாயின் அது எந்த ஓர் இனத்தின் சொத்துமன்று. அடிமைப்பட்டோர் அனைவரும் சேர்ந்து செய்த முதற் பொதுப் படைப்பு. என்னைக் கேட்டால், நேர் நகல் என்பதைவிட இதுவே பெரும் பெருமை என்பேன்.

சான்றுகளுக்குக் குறைவில்லை. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன், தாமே பல அடிமைகளை வைத்திருந்தவர், வர்ஜீனியாவைப் பற்றி 1780களில் எழுதிய நூலில், அடிமை மக்களுக்கு உரிய கருவி 'பாஞ்சர்' என்றும், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்றும் குறித்துள்ளார். ஏறத்தாழ அதே காலத்தில் தென் கரோலினாவில் ஜான் ரோஸ் என்பார் தீட்டிய நீர்வண்ண ஓவியம் ஒன்று இன்றும் உள்ளது. அதில் ஒருவர் அமர்ந்து சுரைக்குடுக்கைப் பாஞ்சோவை வாசிக்கிறார். குட்டை நரம்பும் தெளிவாகத் தெரிகிறது. 1819இல் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் லாட்ரோப் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஞாயிறுதோறும் கறுப்பின மக்கள் கூடி ஆடிய திடலைக் கண்டு, முழவுகளையும் ஒரு குடுக்கைக் கருவியையும் தம் குறிப்பேட்டில் வரைந்துவைத்தார். காங்கோ சதுக்கம் என்று பின்னர் புகழ்பெற்ற இடம் அது. முரசு தடுக்கப்படாது நின்ற மிகச் சில இடங்களுள் ஒன்றான அந்நகரிலேயே பின்னாளில் ஜாஸ் பிறந்தது.

இவற்றினும் என் நெஞ்சைத் தொட்ட சான்று வேறு. 18ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களில் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரக் கோரும் விளம்பரங்கள் வரும். உயரம், தழும்பு, உடுத்திருந்த துணி என்று அடையாளங்களை எசமானர் அடுக்குவார். அவற்றுள் சிலவற்றில், இவன் பாஞ்சோ வாசிப்பான் என்றும் இருக்கும். பிடிபட்டால் சாட்டையடி உறுதி. ஆயினும் அந்த மனிதன் தன் வாசிப்பால் ஊரறிந்தவனாக இருந்தான் என்பதை அவனைத் தேடிய கையே எழுதிவைத்திருக்கிறது.

கரி பூசிய முகங்கள்

1830களில் ஒரு மாற்றம் நேர்ந்தது. வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸ் பகுதியைச் சேர்ந்த ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்ற வெள்ளையர், தம் அண்டையில் இருந்த கறுப்பின மக்களிடம் பாஞ்சோவைக் கற்று, மேடையேறி வாசிக்கலானார். 1843இல் நியூயார்க்கில் நால்வர் 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற பெயரில் ஒரு முழு நிகழ்ச்சி நடத்தினர். எரித்த தக்கையின் கரியை முகத்தில் அப்பி, உதட்டைப் பெரிதாக வரைந்து, அடிமைகளின் பேச்சையும் நடையையும் பழித்துக் காட்டி, அவர்களுடைய கருவியையே வாசித்துப் பாடினர். அரங்கம் அதிர்ந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அமெரிக்காவின் முதன்மையான கேளிக்கை அதுவாயிற்று. இவர்களுக்கும் சற்று முன்னர், 1830ஐ ஒட்டி, டி. டி. ரைஸ் என்ற நடிகர் மேடையில் ஆடிய 'ஜிம் க்ரோ' என்ற கேலிப் பாத்திரத்தின் பெயர், பின்னர் நிறவேற்றுமைச் சட்டங்களுக்கே பெயராயிற்று. ஒரு பாட்டுக்கூத்து ஒரு நாட்டின் சட்டத்திற்குப் பெயர் கொடுத்த விந்தை வேறெங்கும் உண்டோ, அறியேன்.

கருவியும் உருமாறியது. பால்டிமோரில் முரசு செய்து வந்த வில்லியம் பௌச்சர் என்ற ஜெர்மானியக் குடியேறி, 1840களில் குடுக்கையை நீக்கி மரவளையத்தில் தோலை இறுக்கிப் பாஞ்சோ செய்து விற்கத் தொடங்கினார். சுரைக்கொடியில் காய்த்த கருவி தொழிற்பட்டறைச் சரக்காயிற்று.

இக்கூத்து இந்தியாவுக்கும் வந்தது. 1860களில் டேவ் கார்சன் என்பார் கல்கத்தா, பம்பாய் மேடைகளில் கரி பூசி ஆடிப் புகழ்பெற்றார். இங்கு வந்தபின் கறுப்பின மக்களைப் பழித்ததோடு நில்லாமல், வங்காளி பாபுவையும் கேலிப் பாத்திரமாக்கி ஆங்கிலேயரைச் சிரிக்கவைத்தார். கல்கத்தா நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தபி, ஐரோப்பியரைக் கேலிசெய்யும் கூத்து ஒன்றை மேடையேற்றி அவருக்குப் பதில் கொடுத்தார். ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு அத்தகைய பதில் சொல்ல மேடை இருக்கவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின், 1865க்கு மேல், கறுப்பினக் கலைஞர்கள் மேடையேற வழி பிறந்தபோதும், அவர்களுள் பலர் தம் கரிய முகத்தின்மேல் கரியைப் பூசிக்கொண்டே ஏற வேண்டியதாயிற்று.

இதன் விளைவு என்ன? தாம் ஆக்கிய கருவியைக் காணவே அவர்களுக்குக் கூசியது. பாஞ்சோ என்றாலே கேலிப்படமும் பழிச்சிரிப்பும் நினைவுக்கு வந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தபாலில் விலை மலிவாகக் கிடைத்த கித்தாரை அவர்களுடைய இளைஞர் கையில் எடுத்தனர். கித்தாரில் சுரத்தை நெடுநேரம் நிறுத்தலாம், வளைக்கலாம். மேற்கத்திய அளவுக்குச் சற்றே தாழ்ந்து அசையும் காந்தாரமும் நிடாதமும் புளூஸ் பாடலின் உயிர். அவற்றைக் குரலிலிருந்து கித்தாருக்கு எளிதில் இறக்க முடிந்தது. ஆயினும் பாஞ்சோ விட்டுச்சென்ற தாளம் போய்விடவில்லை. அது பியானோவில் ஏறி ராக்டைம் ஆயிற்று. ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' 1899இல் அச்சேறியது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1925இல் முதன்முதல் இசைத்தட்டுக்கு வாசித்த தம் ஐவர் குழுவில் ஜானி செயின்ட் சீர் பாஞ்சோவே வாசித்தார்.

அந்த ஜாஸ் நம் நகரத்தையும் எட்டியது. 1930களில் கறுப்பினக் கலைஞரான லியோன் ஆபியின் குழு தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தது. பியானோ மேதை டெட்டி வெதர்ஃபோர்டு மும்பையிலும் கொழும்பிலும் வாசித்துக் கல்கத்தாவில் குடியமர்ந்து, 1945இல் அங்கேயே காலராவால் மறைந்தார். இவர்களோடு இருந்து பழகிய கோவாக் கலைஞர்கள் இந்தித் திரையிசைக்குச் சென்றனர். 1951இல் வெளிவந்த 'அல்பேலா' படப்பாடல்களின் துள்ளல் நடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதில் துணை நின்ற சிக் சாக்கலேட்டின் வழியே நியூ ஆர்லியன்ஸ் திடல்வரை பின்னோக்கிச் செல்லலாம்.

இரண்டு அலமாரிகள்

பெயர் அழிந்த கதையின் கடைசிக் கட்டம் இசைத்தட்டு வணிகத்தில் நிகழ்ந்தது. 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் 'க்ரேஸி புளூஸ்' பெருவாரியாக விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவர் என்பதைக் கண்ட நிறுவனங்கள், உடனே விற்பனைப் பட்டியலை இரண்டாகப் பிரித்தன. ஒன்று, கறுப்பினத்தவர்க்கான 'ரேஸ்' தட்டுகள். மற்றொன்று, தென்பகுதி வெள்ளையர்க்கான 'ஹில்பில்லி' தட்டுகள். இதுவே பின்னர் 'கன்ட்ரி' இசை என்று பெயர்பெற்றது. புளூஸ் முதலாவதற்கு, பிடிலும் பாஞ்சோவும் இரண்டாவதற்கு. பிடிலும் பாஞ்சோவும் வாசித்த கறுப்பினக் குழுக்கள் தெற்கெங்கும் இருந்தன. அவர்கள் எந்த அலமாரியிலும் அடங்கவில்லை. ஆகவே மிகச் சிலரே பதிவாயினர். இருபது முப்பது ஆண்டு சென்றபின் அலமாரியைப் பார்த்தவர்கள், பதிவில் இல்லாதவர் உலகிலும் இருந்ததில்லை என்று முடிவு கட்டிவிட்டனர். ஆவணம் பொய் சொல்வதற்குப் பொய்யை எழுத வேண்டுவதில்லை. சிலவற்றை எழுதாது விட்டாலே போதும்.

உள்ளே நடந்தது வேறு. கன்ட்ரி இசையின் முதற்குடும்பம் எனப் போற்றப்படும் கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர், பாடல் தேடி ஊர் ஊராகச் சென்றபோது உடன் சென்று மெட்டுகளை நினைவில் ஏந்தி வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். 'புளூகிராஸ்' இசையின் தந்தை பில் மன்றோ, இளமையில் கென்டக்கி நாட்டு நடனங்களில் ஆர்னல்டு ஷூல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞருடன் வாசித்தவர். அவரிடம் கற்றதை ஒளிக்காமல் கூறியவரும் ஆவார். ஹேங்க் வில்லியம்ஸுக்குக் கித்தார் கற்பித்தவர் அலபாமாத் தெருக்களில் வாசித்துத் திரிந்த ரூஃபஸ் பெய்ன். ராக் அண்ட் ரோலின் கதை எல்லாரும் அறிந்தது. அதனை இங்கு விரிக்கவில்லை. பிக் மாமா தார்ன்டன் முதலில் பாடிய 'ஹவுண்டு டாக்' பாடலை 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது உலகம் அதனை எல்விஸின் பாடலாகவே அறிந்தது என்பது ஒன்றே போதும்.

பாஞ்சோவுக்கு வருவோம். மெம்பிஸ் நகரில் கஸ் கேனன் என்ற கறுப்பினக் கலைஞர் இருந்தார். சிறுவயதில் வாணலியில் தோலைப் போர்த்தித் தம் முதல் பாஞ்சோவைத் தாமே செய்துகொண்டவர். 1929இல் 'வாக் ரைட் இன்' என்ற பாடலைப் பதிவு செய்தார். பிறகு அவரை எல்லாரும் மறந்தனர். 1963இல் நியூயார்க்கிலிருந்து வெள்ளை இளைஞர் மூவர் அப்பாடலைப் பாடி, அது நாட்டிலேயே முதலிடத்திற்கு வந்தது. அது வருவதற்குச் சற்று முன்னர், குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றும் எரிபொருளுக்குக் கட்டணம் செலுத்த வழியின்றி, கேனன் தம் பாஞ்சோவை அடகு வைத்திருந்தார். அப்போது அவர் 80ஐ நெருங்கிய முதியவர்.

மீண்டும் கேட்ட நரம்பு

1970களில் காம்பியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற டேனியல் ஜாட்டா என்ற ஜோலா இன மாணவர், தொலைக்காட்சியில் ஒருவர் பாஞ்சோ வாசிக்கக் கண்டார். தம் தந்தையார் வாசிக்கும் அக்கொன்டிங்கின் ஒலி அதில் கேட்டது. அவ்வொலி அவரை விடவில்லை. ஊர் திரும்பித் தந்தையிடமும் மற்ற முதியோரிடமும் அக்கருவியைக் கற்றார்; ஊர் ஊராகச் சென்று செய்தி திரட்டினார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஞ்சோ சேகரிப்போர் கூடிய மாநாட்டில், கருவியை மடியில் வைத்து அவர் நகத்தால் கீழ்நோக்கி அடித்துக் காட்டினார். அதுவரை பாஞ்சோவின் மூதாதையைப் பாணர்களின் கருவிகளிலேயே தேடிவந்த ஆராய்ச்சியாளர், உழவரும் மீனவரும் மாலையில் திண்ணையில் வாசிக்கும் எளிய கருவி ஒன்று இத்தனை நெருங்கிய உறவாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அறிஞர் நூலகத்தில் தேடியதை ஒரு மகன் தந்தையின் மடியில் கண்டான்.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பாஞ்சோக் கலைஞரின் கூட்டம் ஒன்று நடந்தது. தம்மைப்போல் வேறு கறுப்பின இளைஞரும் இக்கருவியை விரும்புகின்றனர் என்பதையே அங்குதான் சிலர் முதன்முதல் அறிந்தனர். அங்கே சந்தித்த ரியானன் கிடென்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் ஆகிய மூவரும், அதே மாநிலத்தில் மெபன் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜோ தாம்சனைத் தேடிச் சென்றனர். அவருக்கு வயது 86. அடிமை வாழ்வு வாழ்ந்த முன்னோரிடமிருந்து தந்தை வழியாக வந்த பிடில் வாசிப்பு அவருடையது. அவருக்கு இணையாகப் பாஞ்சோ வாசித்த உறவினர் ஓடெல் தாம்சன் 1994இல் இறந்துவிட்டார். அதன்பின் தம் குடும்பத்திலும் ஊரிலும் பாஞ்சோ எடுப்பார் இன்றி முதியவர் இருந்தார். இளைஞர் மூவரும் வியாழன்தோறும் மாலையில் அவர் வீட்டிற்குச் சென்றனர். அவர் பிடில் வாசிப்பார். ஓடெல் இருந்த இடத்தில் அமர்ந்து இவர்கள் பாஞ்சோ வாசிப்பர். ஏட்டில் எழுதிக் கற்கவில்லை. கேட்டுக் கேட்டே கற்றனர். அவர்கள் அமைத்த 'கரோலினா சாக்கலேட் டிராப்ஸ்' குழுவின் இசைத்தட்டு 2011இல் கிராமி விருது பெற்றது. ஜோ தாம்சன் 2012இல் மறைந்தார்.

2024 பிப்ரவரியில் பியான்சே என்ற கறுப்பினப் பாடகியின் 'டெக்சஸ் ஹோல்டு எம்' என்ற பாடல் கன்ட்ரி இசைப் பாடல்களின் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அவ்வரிசையில் கறுப்பினப் பெண் ஒருவர் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. பாடல் தொடங்கியதும் குரலுக்கு முன்னே ஒரு பாஞ்சோ ஒலிக்கிறது. அதனை வாசித்தவர் ரியானன் கிடென்ஸ்.